ஐந்து வருடத் திட்டம் ஐந்து மாதம் தாங்குமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொழும்பு புறக்கோட்டையில் அப்பா தொடங்கிய இறக்குமதி, விநியோகக் கம்பனி. சுமார் 120 பேர் வேலை செய்கிறார்கள். மகளான நீங்கள் படித்து முடித்து வந்து கணக்குப் பகுதியைப் பார்க்கிறீர்கள். 2019இலிருந்து ஒவ்வொரு மார்ச்சிலும் மூலோபாயத் திட்டம் என்று ஒன்று போடுகிறார்கள், ஒன்றுகூட அடுத்த மார்ச் வரை நிற்கவில்லை. "இனி இந்தக் கூத்தே வேண்டாம், வருகிறதை வருகிறபோது பார்ப்போம்" என்கிறார் அப்பா. அவர் சொல்வது சரியா, இல்லை ஓர் ஆலோசகரைப் பிடித்து ஒழுங்காகச் செய்ய வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருபது வருடத்துக்கு மேலாகக் கொழும்புக் கம்பனிகளில் நிதி, திட்டமிடல் வேலைதான் பார்க்கிறேன். அதனால் முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: நான் போட்ட திட்டங்களும் நிற்கவில்லை. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுகள், அதே வருடம் டிசம்பரில் வட் என்ற பெறுமதி சேர் வரி 15இலிருந்து ஒரேயடியாக 8 சதவீதம், 2020 மார்ச்சில் ஊரடங்கு, கூடவே வாகன இறக்குமதித் தடை, 2021இல் இரசாயன உரத் தடை, அதற்கடுத்த வருடம் டொலர் தீர்ந்து நாடே முடங்கியதை யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. இதற்குள் ஐந்து வருடத் திட்டம் போட்டு அதன்படி நடந்தேன் என்று எவராவது சொன்னால் அவர் கடை திறக்கவேயில்லை என்றுதான் அர்த்தம்.

ஆனால் அப்பா சொல்வதில் பாதிதான் சரி. திட்டத்தில் எது செத்தது என்று பாருங்கள். விற்பனை இலக்கு, டொலர் விலை, வளர்ச்சி வீதம், அதாவது எண்கள் செத்தன. நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவை ஒன்றும் சாகவில்லை. 90 நாள் எல்சி (சரக்கை இப்போது எடுத்து 90 நாள் கழித்துக் காசு கட்டுவதாக வங்கி மூலம் கொடுத்த உறுதி) அப்படியே இருந்தது, வங்கிக் கடன் இருந்தது, குடோன் குத்தகை இருந்தது, மாதக் கடைசியில் 120 பேருக்குச் சம்பளம் இருந்தது. எண்ணை ஊகிப்பதற்கு நாங்கள் மூன்று வாரம் செலவழிப்போம், எதெதற்கு எவ்வளவு காலத்துக்குக் கட்டுப்பட்டிருக்கிறோம் என்று பார்ப்பதற்கு ஒரு மத்தியானம்கூடச் செலவழிப்பதில்லை. நான் சொல்ல வருவது இவ்வளவுதான், மிச்சமெல்லாம் இதற்கு உதாரணம்.

என் கதையைச் சொல்கிறேன். கம்பனி பெயர் வேண்டாம். 2022 ஜனவரியில் வருடத் திட்டத்தை எழுதும்போது டொலருக்கு 210 என்று போட்டோம். வங்கி விலை அப்போது 203க்குள் கட்டிவைக்கப்பட்டிருந்தது, நாங்கள் ஏதோ எச்சரிக்கையாக ஏழு ரூபாய் கூட்டிப் போட்டதாக நினைப்பு. அதே நாளில் செட்டியார் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் சிரித்திருப்பார்கள், உண்டியல் விலை, அதாவது வங்கிக்கு வெளியே கைமாறும் டொலரின் விலை, அதற்கு எவ்வளவோ மேலே. எங்களுக்கும் தெரியும். ஆனால் பணிப்பாளர் சபைக் கூட்டத்தில் "உண்டியல்காரன் சொன்னான்" என்று ஓர் எண்ணை வைக்க முடியாதே, மத்திய வங்கி விலையென்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மார்ச் 7ஆம் திகதி ரூபாயைச் சந்தை விலைக்கு விட்டுவிட்டார்கள், மே மாதத்தில் டொலர் 360க்கு மேல்.

ஒரு லட்சம் டொலர் பில் ஒன்றை எடுங்கள். 203இல் கணக்குப் போட்டால் 2 கோடி 3 இலட்சம். தீர்வையையும் வரியையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, 12 சதவீத இலாபம் வைத்து விற்றால் கையில் வருவது 2 கோடி 27 இலட்சம். சரக்கு பெப்ரவரியிலேயே விற்றுப் போய்விட்டது, நல்ல விற்பனை, எல்லோரும் சந்தோஷம். பில் முதிர்ந்த நாளில் வங்கிக்குக் கட்ட வேண்டியது 3 கோடி 60 இலட்சம். அந்த ஒரு பில்லில் மட்டும் 1 கோடி 33 இலட்சம் போனது, எங்களிடம் அப்படிப் பல பில் இருந்தன. எங்கள் ஊகம் பிழையானது பெரிய குற்றமில்லை. விற்ற விலையை இன்றைக்கு வாங்கி, கடனை மூன்று மாதம் கழித்து வேறொரு விலையில் கட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம் என்று திட்டத்தின் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை, அதுதான் குற்றம்.

வட்டியும் அப்படித்தான். 2021 நடுப்பகுதியில் வங்கிகள் சிறந்த வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் முதன்மைக் கடன் வீதம் 6 சதவீதத்துக்கும் கீழே கிடந்தது, கடன் வாங்காதவன் முட்டாள் மாதிரி இருந்தது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வீதத்தை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் ஏற்றியது, வருடக் கடைசியில் அதே முதன்மை வீதம் 27ஐத் தாண்டியது. மாறும் வட்டிக்கு எடுத்த கடன் எவ்வளவு, நிலையான வட்டிக்கு எடுத்தது எவ்வளவு என்று உங்கள் அப்பாவைக் கேளுங்கள். பெரும்பாலான முதலாளிமார் மொத்தக் கடனைச் சதம் வரை சொல்வார்கள், இந்தப் பிரிவைக் கேட்டால் கணக்காளரைக் கூப்பிடுவார்கள்.

சரி, அப்படியானால் என்ன செய்வது. ஒரு பெரிய தாளை எடுத்து, கம்பனி கட்டுப்பட்டிருக்கும் ஒவ்வொன்றையும் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு, எந்த நாணயத்தில், எத்தனை மாதத்துக்கு, நடுவில் விலக வேண்டுமென்றால் என்ன செலவு. கடைசிப் பத்திதான் முக்கியம், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். குத்தகைக்கு மூன்று மாத அறிவித்தலா, இரண்டு வருடம் பூட்டா? ஆட்களைப் பொறுத்தவரை 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாவிட்டால், அவரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் யாரையும் நிறுத்த முடியாது. நான் அந்தச் சட்டத்தைக் குறை சொல்லவில்லை. வியாபாரம் நன்றாக ஓடும் வருடத்தில் முப்பது பேரைச் சேர்க்கும்போது அது ஐந்து வருடக் கடன் மாதிரி ஒரு முடிவு என்று தெரிந்து சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன். லொறியை விற்கலாம், மனிதர்களை அப்படி நினைக்கக்கூடாது, சட்டமும் விடாது.

அந்தத் தாள் முடிந்த பிறகுதான் "இப்படி ஆனால்?" என்ற கேள்வி. இதற்குப் பெரிய கம்பனிகளில் பெயரெல்லாம் உண்டு. ஷெல் எண்ணெய்க் கம்பனியில் பியர் வாக் என்ற பிரெஞ்சுக்காரர் 1970களின் தொடக்கத்தில் இதைச் செய்து காட்டினார், எண்ணெய் விலை இப்படியே மலிவாக இருக்காது, உற்பத்தி நாடுகள் கையை இறுக்கினால் என்ன ஆகும் என்று முகாமையாளர்களுக்குக் கதை மாதிரிச் சொல்லிப் பழக்கினார். 1973 ஒக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி, சில மாதத்துக்குள் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானபோது, மற்றவர்கள் திகைத்து நிற்க, ஷெல்காரர்கள் ஏற்கனவே அந்த அறைக்குள் ஒருமுறை போய்வந்தவர்கள் மாதிரி நடந்துகொண்டார்கள் என்று சொல்வார்கள். அவரிடம் ஒரு பிரிவே இருந்தது, உங்களிடம் இல்லை. பரவாயில்லை, ஒரு சனிக்கிழமை மத்தியானம் போதும். ஆனால் அந்த அறையில் யார் உட்காருகிறார்கள் என்பது முக்கியம். எங்கள் கூட்டங்களில் டை கட்டிய ஆறு பேர் ஒருவரையொருவர் ஆமோதித்துக்கொண்டிருப்போம். துறைமுகத்தில் சரக்கை விடுவிக்கும் வாஃப் கிளார்க்கை ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை, துறைமுகத்தில் எந்தச் சரக்கு தேங்குகிறது, யாருடைய பத்திரம் வங்கியில் நின்றுபோயிருக்கிறது என்று எங்களுக்கு ஆறு வாரம் முன்னால் அறிந்தவர் அவர்தான். அவரையும், ஸ்டோர் கீப்பரையும், மலையகப் பக்கமும் வடக்குப் பக்கமும் போகும் விற்பனைப் பிரதிநிதிகளையும் உட்கார வையுங்கள். அவர்கள் முதல் அரைமணி நேரம் வாயே திறக்க மாட்டார்கள், அப்பா அறையில் இருந்தால் ஒரு மணி நேரம். பொறுமையாக இருங்கள்.

பிறகு எச்சரிக்கை விளக்குகள். ஊகம் வேண்டாம், எது நடந்தால் என்ன செய்வோம் என்பதை இன்றைக்கே எழுதிவையுங்கள். நாட்டின் வெளிநாட்டு நாணய ஒதுக்கத்தை மத்திய வங்கி மாதாமாதம் வெளியிடுகிறது. 2019 கடைசியில் 760 கோடி டொலரளவில் இருந்தது, 2021 கடைசியில் 310 கோடி, 2022 மார்ச்சில் 190 கோடி. இந்த இறக்கம் இரகசியமே இல்லை, இரண்டு வருடம் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் நடந்தது. "ஒதுக்கம் மூன்று மாதம் தொடர்ந்து இறங்கினால் 90 நாள் எல்சியை நிறுத்தி, சரக்கைக் குறைத்துக் கையில் டொலர் இருக்கும் அளவுக்கே வாங்குவோம்" என்று ஒரு வரி எங்களிடம் எழுதியிருந்தால் போதுமாக இருந்திருக்கும். யார் அந்த முடிவை எடுப்பது என்பதையும் எழுதுங்கள், பெயரோடு. இல்லாவிட்டால் விளக்கு எரியும், எல்லோரும் பார்ப்போம், "அடுத்த கூட்டத்தில் பேசலாம்" என்போம்.

ஒரு எச்சரிக்கை: போன நெருக்கடிக்கு மருந்து தயாரித்து அடுத்ததற்குக் குடிக்காதீர்கள். டொலர் 360இல் இருந்தபோது இன்னும் ஏறும் என்று பயந்து குடோனை நிரப்பியவர்களை எனக்குத் தெரியும், 2023 ஜூனில் அது 300க்குக் கீழே வந்தது, பக்கத்துக் கடைக்காரர் புதுச் சரக்கை மலிவாக இறக்கினார், இவர்கள் பழைய விலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். மின்சாரமும் அதே கதை. 2022 ஓகஸ்ட்டில் கட்டணம் சராசரி 75 சதவீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் இன்னொரு 66. உடனே ஆளாளுக்குக் கூரையில் சூரியத் தகடு, நான்கு வருடத்தில் போட்ட காசு திரும்பும் என்று விற்பனைக்காரர் கணக்கு. பிறகு 2024இல் இருமுறை இருபது சதவீதத்துக்கு மேல் குறைத்தார்கள், 2025 ஜனவரியில் இன்னொரு 20, ஜூனில் திரும்ப 15 ஏற்றினார்கள். தகடு போட்டது பிழையென்று சொல்லமாட்டேன், ஆனால் உச்சக் கட்டணத்தை வைத்துக் கணக்குப் போட்டுக் கடன் எடுத்தவருக்கு அந்த நான்கு வருடம் இப்போது எத்தனை என்று அவரிடமே கேளுங்கள்.

வரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வட் 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. வருட ஒப்பந்த விலையில் "வரி மாறினால் விலை மாறும்" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான்.

சமூகப் பக்கத்தை, அதாவது ஆட்கள் போவதையும் வருவதையும், நீங்கள் கேள்வியில் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள், அதில்தான் நான் அதிகம் அடிபட்டேன். டொலர் ஏறியது இறங்கியது, போன ஆட்கள் திரும்பி வரவில்லை. 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வெளிநாட்டு வேலைக்குப் பதிந்து போனார்கள், மாணவராகவும் குடியேறியும் போனவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. அப்புறம் 2023 ஜனவரியில் தனிநபர் வருமான வரி 36 சதவீதம் வரை போனதும் நடுத்தர நிலை முகாமையாளர்களும் கணக்காளர்களும் மூட்டை கட்டினார்கள். எங்கள் கம்பனியில், எந்தச் சரக்குக்கு எவ்வளவு தீர்வை என்று தீர்மானிக்கும் சுங்கத் தலைப்புக் குறியீடுகளை மனப்பாடமாக வைத்திருந்த ஒருவர் கனடா போனார், அவர் மேசை இலாச்சியில் ஒரு கொப்பி இருந்தது, அதைத் தவிர எங்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. எட்டு மாதம் தடுமாறினோம். இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் வாங்கி வைப்போம், இந்த மாதிரி நாற்காலிக்கு ஆளே வைக்க மாட்டோம். உங்கள் தாளில் "இவர் போனால்" என்று ஒரு பத்தியும் வேண்டும், குறைந்தது ஐந்து நாற்காலிக்கு.

இளைஞர்கள் இனிக் கூட்டமாக வரப்போவதுமில்லை. முன்பு வருடத்துக்கு 3 இலட்சத்துக்கு மேல் குழந்தைகள் பிறந்த நாட்டில் 2024இல் பதிவானது 2 இலட்சத்து 20 ஆயிரம் சொச்சம். பெண்களில் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் வேலைச் சந்தையில் இருக்கிறார்கள். ஆகவே ஆள் இல்லை என்று புலம்பும் புறக்கோட்டைக் கடைகள் முதலில் பெண்களுக்கு ஒழுங்கான கழிப்பறையும் இருட்டுவதற்குள் வீடு போகும் நேரமும் வைக்கலாமே என்று எனக்குத் தோன்றும். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் பெண் ஏழு மணிக்கு மேல் நிற்க முடியாது என்றால் அவர் சோம்பேறி இல்லை, அந்த நேரத்து பஸ்ஸில் நீங்கள் போயிருக்க மாட்டீர்கள். ஆகக் குறைந்த சம்பளமும் ஏறிக்கொண்டிருக்கிறது: 2024இல் 17,500, 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியில் 30,000. இது தெரிந்த ஏற்றம், டொலர் மாதிரி ஊகிக்க வேண்டியதில்லை, ஆனாலும் பல திட்டங்களில் சம்பளத்துக்கு வழமையான பத்து சதவீதம்தான் போட்டிருக்கும்.

வாங்குபவர்களுக்கு வருவோம். இதில் எங்களுடைய இரண்டாவது பெரிய முட்டாள்தனம் இருக்கிறது. 2022இல் எங்கள் விற்பனை ரூபாயில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது. இலக்கைத் தாண்டிவிட்டார்கள் என்று விற்பனைப் பிரிவுக்கு ஊக்கத்தொகையும் கொடுத்தோம். விற்ற பெட்டிகளின் எண்ணிக்கையை யாரோ ஒரு பயிலுனர்ப் பிள்ளை எடுத்துக் காட்டினார், மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. விலை ஏறியதால் வந்த ரூபாய்க்கு ஊக்கத்தொகை கொடுத்து, வாடிக்கையாளரை இழந்ததைக் கொண்டாடியிருக்கிறோம். அன்றிலிருந்து நான் எந்தத் திட்டத்தையும் பெட்டியிலும் கிலோவிலும்தான் முதலில் எழுதுவேன், ரூபாயைப் பிறகு பெருக்கிக்கொள்ளலாம்.

2022 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது, 2024 செப்டெம்பரில் பூச்சியத்துக்கும் கீழே போனது. பத்திரிகையில் இதைப் பார்த்துவிட்டு "நிலைமை பழையபடி ஆகிவிட்டது, பெரிய பக்கெட்டைத் திரும்ப இறக்குவோம்" என்று ஒரு சந்தைப்படுத்தல் முகாமையாளர் சொன்னார். வீதம் இறங்கினால் விலை இறங்கியதாக அர்த்தமில்லை, ஏறிய விலை ஏறிய இடத்திலேயே நிற்கிறது, சம்பளம்தான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறது. நடுத்தர வர்க்கம் வாழும் வெள்ளவத்தையில்கூட 400 கிராம் பால்மாவை விட்டுச் சின்னப் பக்கெட்டுக்குப் போன குடும்பங்கள் இருக்கின்றன, தோட்டப் பக்கம் சொல்லவே வேண்டாம். சின்னப் பக்கெட் என்பது நெருக்கடிக் காலத் தற்காலிகம் என்று நினைத்தவர்கள் அந்த அலமாரியை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

இனி வெளியிலிருந்து வருபவை. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீதத் தீர்வை என்றது, ஜூலையில் 30 என்றது, ஓகஸ்ட்டில் 20இல் நின்றது. நீங்கள் ஆடை ஏற்றுமதி செய்யவில்லை, எனவே சம்பந்தமில்லை என்று நினைக்கலாம். கட்டுநாயக்கவிலும் பியகமவிலும் ஆடைத் தொழிற்சாலையில் மேலதிக நேர வேலை நின்றால் அந்த ஊர்ச் சில்லறைக் கடை உங்கள் பில்லைத் தாமதமாகக் கட்டும், அவ்வளவு கிட்டம். அதே வருடம் நவம்பர் கடைசியில் டித்வா புயல், களனி கங்கை பெருகி கொலன்னாவ, கடுவெலப் பக்கமெல்லாம் தண்ணீர். 2016 மேயிலும் அதே பக்கம்தான் மூழ்கியது. குடோன் வாடகை அங்கே ஏன் மலிவு என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் குடோன் எங்கே என்று நீங்கள் சொல்லவில்லை, தாழ்ந்த இடமென்றால் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து, வெள்ளத்தில் நனைந்த சரக்குக்கு மட்டுமா, வியாபாரம் நின்ற நாட்களுக்கும் சேர்த்தா என்று வாசியுங்கள்.

ஐந்து வருடத் திட்டம் அறவே வேண்டாமா என்றால், ஐந்து வருடம் எடுக்கும் விடயங்களுக்கு வேண்டும். சொந்தக் குடோன், சொந்த வர்த்தகப் பெயர், அப்பாவுக்குப் பிறகு யார் என்பது. இவற்றை மாதாமாதம் மாற்ற முடியாது. விற்பனைக்கும் கொள்வனவுக்கும் மூன்று மாதத் திட்டம் போதும், ஒவ்வொரு மாதமும் ஒரு மாதத்தைத் தள்ளி எழுதுங்கள். மார்ச்சில் ஒரு தடவை எழுதி அலுமாரிக்குள் வைப்பதுதான் வீண்.

அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். அவர் எப்போது கடை தொடங்கினார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அந்தத் தலைமுறைத் தமிழ் வியாபாரிகளில் 1983 ஆடிக் கலவரத்தில் கடை எரிவதைப் பார்க்காதவர், அல்லது பார்த்தவரிடம் வேலை பழகாதவர் குறைவு. 96 ஜனவரியில் மத்திய வங்கியில் குண்டு வெடித்த நாளையும் கடந்திருப்பார். எனக்குத் தொழில் சொல்லித்தந்த முதலாளி ஒருவர் கடைசி வரை சரக்கை இரண்டு இடத்தில்தான் வைப்பார், கணக்குக் கொப்பியின் ஒரு பிரதி எப்போதும் மச்சான் வீட்டில் இருக்கும், கடன் ஒருபோதும் ஒரே வங்கியில் இல்லை. ஏன் என்று கேட்டால் "சும்மா ஒரு பழக்கம்" என்பார். உங்கள் அப்பாவிடமும் அப்படிப் பத்துப் பழக்கம் இருக்கும். திட்டம் என்ற சொல்லையே எடுக்காமல், ஒவ்வொரு பழக்கத்துக்கும் காரணம் கேட்டு அந்தத் தாளில் எழுதுங்கள். பாதித் தாள் அவராலேயே நிரம்பிவிடும், பிழையான இடத்தைப் பென்சிலால் வெட்டித் திருத்தவும் தொடங்கிவிடுவார்.

ஆலோசகர் முதல் வருடத்துக்கு வேண்டாம். அவர் கொண்டுவரும் நாற்பது பக்கத்தில் முப்பது வேறொரு கம்பனிக்கு எழுதியது. காசு செலவழிப்பதானால் இரண்டு இடத்தில் செலவழியுங்கள்: ஒரு நல்ல வரி ஆலோசகரோடு அரை நாள், பிறகு வங்கியின் திறைசேரிப் பிரிவில் உட்கார்ந்து, முற்கூட்டியே விலை பேசி டொலர் வாங்கும் ஒப்பந்தம் உங்கள் அளவுக்கு என்ன விலைக்குக் கிடைக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது இலவசம், தேநீரும் தருவார்கள். போகும்போது முதிராத பில்களின் பட்டியலைத் திகதி வரிசையில் கொண்டு போங்கள்.